சூடாக்குவது லேசு, நிறுத்துவதுதான் கஷ்டம்: மீன்தொட்டி ஹீட்டரின் கதை

போன டிசம்பர் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒருநாள் காலையில் தம்பி போட்ட சத்தத்தில்தான் எழும்பினேன். அவனுடைய 60 லீற்றர் மீன்தொட்டியில் இருந்த மீன் எல்லாம் செத்து மிதந்தது. தண்ணீருக்குள் கையை வைத்தால், குளிக்கக் காய்ச்சிய சுடுதண்ணி மாதிரி இருந்தது.

எங்கள் வீடு நுவரெலியாப் பக்கம். டிசம்பர், ஜனவரியில் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவவே யோசிக்கிற இடம். அந்தக் குளிருக்குப் பயந்துதான் தம்பி ஹீட்டர் வாங்கினான். "பெருசா போட்டா நல்லதுதானே தம்பி" என்று கடையில் கொடுத்தது 300 வொட். கடைசியில் மீன் குளிரில் சாகவில்லை, சூட்டில் செத்தது.

26 பாகையில் தானாக நிற்க வேண்டிய சாமான் ஏன் நிற்கவில்லை? வரலாறு படிக்கிற ஆள் என்பதால், இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். தண்ணீரைச் சூடாக்குவது மனிதருக்கு எப்போதுமே லேசாக இருந்திருக்கிறது. சரியான நேரத்தில் நிறுத்துவதற்குத்தான் நூற்றாண்டுக் கணக்கில் பாடுபட்டிருக்கிறார்கள்.

முதலில் வந்தது குளிர்ந்த தொட்டி

வீட்டுக்குள் மீன் வளர்க்கும் பழக்கத்துக்கு ஒரு விஞ்ஞான அடித்தளம் கிடைத்தது 1850இல். இங்கிலாந்தின் இரசாயனவியலாளர் ரொபர்ட் வாரிங்டன், தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே தொட்டியில் வைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றாமலே அவை ஒன்றையொன்று வாழவைக்கும் என்று காட்டினார். 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்கள் பார்ப்பதற்கு மீன்காட்சியகம் திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய புத்தகம் 'அக்குவாரியம்' என்ற சொல்லையே வீடுவீடாகக் கொண்டுபோனது.

அந்தத் தொட்டிகள் எதிலும் ஹீட்டர் இல்லை. தேவையும் இல்லை. தங்கமீன் குளிரைத் தாங்கும். இங்கிலாந்துக் கடற்கரையில் பிடித்த உயிர்களுக்கு அந்த நாட்டுக் குளிர் புதிதும் இல்லை.

பிரச்சினை தொடங்கியது வெப்பநாட்டு மீன்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான். 1869இல் பாரிஸில் பியர் கார்போனியே, சீனாவிலிருந்து வந்த 'சொர்க்க மீனை' தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்தார். அது ஓரளவு குளிர் தாங்கும் மீன். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, ஆசியா என்று எல்லாப் பக்கமிருந்தும் ஜேர்மனியின் துறைமுகங்களுக்கு மீன்கள் வந்தன. பேரரசுகளின் கப்பல் பாதைகளில் தேயிலையும் ரப்பரும் மட்டும் போகவில்லை, தகர டின்களில் மீனும் போனது.

அந்தப் பட்டியலில் பிறகு நம்ம நாட்டு மீனும் சேர்ந்தது. 'செரி பார்ப்' என்று உலகம் முழுக்க விற்கிற அந்தச் சிவப்பு மீன், களனி தொடக்கம் நில்வளா வரையுள்ள ஈரவலயத்தின் நிழலான ஓடைகளில் வாழ்வது. அதற்கு 1929இல் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் பி. ஈ. பி. தெரணியகல. இப்படிப்பட்ட ஓடையில் பிறந்த மீனுக்கு பேர்லின் வீடொன்றில் ஜனவரி மாதம் எப்படி இருந்திருக்கும்?

தொட்டிக்கு அடியில் விளக்கு

முதல் பதில் நெருப்புத்தான். உலோகச் சட்டமும் கற்பலகை அடித்தளமும் வைத்த தொட்டிகளைச் செய்து, அடியில் மண்ணெண்ணெய் விளக்கோ எரிவாயுச் சுடரோ வைத்தார்கள். அடுப்பில் பானை வைக்கிற அதே வேலை.

நெருப்பு சூடாக்கும், ஆனால் தண்ணீரின் நிலைமை அதற்குத் தெரியாது. திரியைக் கூட்டுவதும் குறைப்பதும் மனிதக் கைதான். ஆள் தூங்கிவிட்டால் சுடர் தன் பாட்டில் எரியும், இல்லாவிட்டால் அணைந்துபோகும். இரண்டிலும் பலி மீன்.

நெருப்பைத் தானாகவே அடக்குகிற யோசனை அதற்கு முன்பே பிறந்திருந்தது, ஆனால் வேறு இடங்களில். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொர்னேலிஸ் ட்ரெபல் என்ற டச்சுக்காரர் முட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்றைச் செய்தார். சூடு கூடினால் உள்ளேயிருந்த மதுசாரம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், அது அடுப்பின் காற்று வழியை மூடும். 18ஆம் நூற்றாண்டில் கடிகாரம் செய்த ஜோன் ஹரிசன், சூட்டில் வேறு வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டி ஒரு பட்டி செய்தார். சூடானால் அது ஒரு பக்கம் வளையும். பாடசாலையில் ஈருலோகச் சட்டம் என்று நாங்கள் படித்தது இதைத்தான். 1830இல் அன்ட்ரூ யூர் அந்த வளைவை வைத்து வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை எடுத்து, 'தேர்மோஸ்டாட்' என்று பெயரும் வைத்தார். அவர் மனதில் இருந்தது துணி ஆலைகள்.

ஆக கடிகாரமும் கோழி முட்டையும் துணி ஆலையும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் தம்பியின் தொட்டிக்குள் தொங்கியது.

மின்சாரம் வந்தது, காவலாளி உள்ளே போனார்

மின்சார ஹீட்டருக்கு இன்னும் இரண்டு சாமான் தேவைப்பட்டது. ஒன்று, சிவக்கச் சிவக்கச் சூடானாலும் சீக்கிரம் அழியாத கம்பி. 1906இல் அமெரிக்காவில் அல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்கல்-குரோமியம் கலப்புலோகம், அதாவது நிக்ரோம், அதைத் தந்தது. மற்றது, சூடும் குளிரும் மாறி மாறி வந்தாலும் லேசில் வெடிக்காத கண்ணாடி. ஜேர்மனியில் ஒட்டோ ஷொட் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய போரோசிலிக்கேற் கண்ணாடி 1915இல் 'பைரெக்ஸ்' என்ற பெயரில் அமெரிக்கச் சமையலறைகளுக்கும் போனது. இந்த இரண்டும் இருந்தால், கண்ணாடிக் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி அடைத்துத் தண்ணீருக்குள் இறக்கலாம்.

எனக்கு ரொம்பச் சுவாரசியமாகப் பட்டது இதற்கு அடுத்த கட்டம். தொடக்கத்தில் பல வீடுகளில் ஹீட்டர் ஒரு குழாய், தேர்மோஸ்டாட் இன்னொரு குழாய். இரண்டும் தனித்தனிச் சாமான், வயரால் இணைத்திருப்பார்கள். ஹீட்டர் சூடாக்குவதோடு சரி. சூடு போதுமா என்று பார்ப்பது மற்றவர் வேலை. பிறகு வசதிக்காகவும் விலைக்காகவும் இரண்டையும் ஒரே குழாய்க்குள் அடக்கினார்கள். இன்று கடையில் வாங்குகிற சாதாரண ஹீட்டர் அந்தப் பரம்பரைதான். வேலைக்காரரும் காவலாளியும் ஒரே ஆள்.

இதிலே உள்ள ஆபத்து சின்னது, ஆனால் பொல்லாதது. பட்டி வளைந்து மின்தொடுப்பு பிரியும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் சின்னப் பொறி பறக்கும். பட்டி மெதுவாக நகர்வதால் பொறி நீளக்கூடாது என்று காந்தம் வைத்துச் சட்டென்று பிரிய வைத்தார்கள். அது நல்ல திருத்தம்தான். ஆனாலும் ஆயிரக்கணக்கான தடவை பொறி பட்ட இரண்டு உலோக முனைகள் ஒருநாள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினால் ஹீட்டர் நிற்காது. அந்தக் காலை எங்கள் தொட்டியில் நடந்ததும் இதுதான் போல. சிவப்பு லைட் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

பழைய, மலிவான சாமானில் மட்டும் வருகிற பிரச்சினையும் இல்லை இது. 2011இல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் தீயும் உடைவும் ஏற்படும் ஆபத்துக்காகச் சுமார் 12 லட்சம் மீன்தொட்டி ஹீட்டர்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது.

பெருசு நல்லதா?

இப்போது கடைக்காரர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை உயர்த்த சுமார் 4.2 கிலோயூல் வேண்டும். 60 லீற்றருக்கு 250 கிலோயூல். வெளியே போகிற வெப்பத்தை விட்டுவிட்டால், 300 வொட் ஹீட்டர் 14 நிமிடத்தில் ஒரு பாகை ஏற்றும். 100 வொட் என்றால் 42 நிமிடம். 50 வொட் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மணித்தியாலம்.

உண்மையில் தொட்டி கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும், சூடு ஏற ஏற இழப்பும் கூடும். அதனால் சிறிய ஹீட்டர் ஒட்டிக்கொண்டாலும் ஒரு கட்டத்துக்கு மேல் ஏற்ற முடியாது. 300 வொட் அப்படியில்லை, ஒரே இரவில் சமைத்துவிடும். அதோடு தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசனும் குறையும். 25 பாகையில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே இருப்பது, 30 பாகையில் 7.6 ஆகிவிடும். சூட்டில் மீனுக்கு மூச்சு கூடுதலாக வேண்டிய நேரத்தில்தான் தண்ணீரில் அது குறைகிறது.

அதனால் ஹீட்டர் வாங்கும்போது தொட்டி எத்தனை லீற்றர் என்று மட்டும் பார்த்தால் போதாது. அறை எவ்வளவு குளிர், தண்ணீரை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பெரும்பாலான நாட்களுக்கு ஹீட்டரே வேண்டாம். எங்கள் ஊரில் 60 லீற்றருக்கு 100 வொட் அளவு வேண்டும். அதையும் ஒரே ஹீட்டராகப் போடாமல் இரண்டு 50 வொட்டாகப் போடுவது நல்லது. ஒன்று ஒட்டிக்கொண்டால் தொட்டி கொதிக்காது. ஒன்று செத்தால் தொட்டி உடனே குளிர்ந்தும் போகாது.

காவலாளி திரும்ப வெளியே

இன்று மீன் வளர்க்கிறவர்கள் பலர் ஹீட்டருக்கு வெளியே தனியாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வைக்கிறார்கள். அதன் உணரி தண்ணீரில், சுவிட்ச் வெளியே. எங்கிருந்து தொடங்கினோமோ அங்கேயே திரும்ப வந்து நிற்கிறோம், வேலைக்காரர் வேறு, காவலாளி வேறு. ஒரு வித்தியாசம், இப்போது காவலாளிகள் இரண்டு பேர். வெளிக்கருவியை 26 பாகைக்கும் ஹீட்டரின் சொந்தத் தேர்மோஸ்டாட்டை 28க்கும் வைத்தால், ஒன்று தவறினாலும் மற்றது நிறுத்தும். உணரி தண்ணீரை விட்டு வெளியே விழாதபடி ஒட்டி வைக்க வேண்டும். விழுந்தால் அது குளிர்ந்த காற்றைத் தண்ணீர் என்று நினைத்துச் சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

மீனுக்கு மட்டுமில்லை, நமக்கும் காவல் வேண்டும். 230 வோல்ட் வயர் தண்ணீருக்குள் இறங்குகிற சாமான் இது. கண்ணாடி வெடித்தால் தண்ணீரில் கரண்ட். 1961இல் கலிபோர்னியாவில் சார்ள்ஸ் டால்சியல் என்ற பேராசிரியர், மின்சாரம் வேறு வழியில் கசிகிறதைக் கண்டுபிடித்து நொடிக்குள் துண்டிக்கும் சுவிட்சை உருவாக்கினார். நம்ம வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்வதும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று இடைக்கிடை பாருங்கள். விழாவிட்டால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

இன்னும் சில சின்ன வேலைகள். தண்ணீர் மாற்றும் முன் ஹீட்டரின் பிளக்கைக் கழற்றி, கால் மணித்தியாலம் ஆறவிட்ட பிறகு தண்ணீரை இறக்குங்கள். சூடான குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்தக் கண்ணாடியும் வெடிக்கலாம். வயர் பிளக்குக்கு வரும் முன் ஒரு தடவை கீழே தொங்கி வளைந்து வர வேண்டும். அப்போது வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. வடிகட்டியின் நீரோட்டம் படுகிற இடத்தில் ஹீட்டரை வையுங்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு தனி வெப்பமானி.

தம்பி இப்போது இரண்டு 50 வொட் ஹீட்டரும் ஒரு வெளிக்கருவியும் பூட்டியிருக்கிறான். காசு சேர்க்க இரண்டு மாதம் போனது. ஒரு கிழமை வெறுந்தொட்டியை ஓடவிட்டு, காலையும் இரவும் வெப்பமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதினான். அதற்குப் பிறகுதான் ஆறு செரி பார்ப் வாங்கிவந்து விட்டான். கொப்பியில் எழுதுவதை இன்னும் நிறுத்தவில்லை.