கடலிலிருந்து மலைக்கு ஓர் ஆற்றுப்படை

பயணத்துக்கு முன்னர் திட்டம் வகுப்பது மேனாட்டார் கற்பித்த பழக்கம் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். எந்த நாளிற் புறப்படுவது, எங்கே இராத் தங்குவது, கடலை முதலிற் பார்ப்பதா மலையை முதலிற் பார்ப்பதா, வழியில் நல்ல உணவும் மதுவும் எங்கே கிடைக்கும் என்பனவற்றை ஒழுங்குபடுத்திச் சொல்வதற்கென்றே அவர்களிடம் நூல்கள் உண்டு. கலிபோர்னியாவிலே பசிபிக் கரையோரமாகச் சென்று, மலை ஏறி இறங்கி, நாபாப் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் முடியும் வீதிப் பயணம் அங்கு பலரின் வாழ்நாள் ஆசை. தமிழ் படித்தவருக்கு இதில் அதிகம் வியப்பில்லை. நம்மிடம் ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே இருக்கின்றது.

நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையை நினைத்துப் பாருங்கள். பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைச் சொல்கின்றான். கரையோரத்து எயிற்பட்டினத்திலே பரதவப் பெண் வடித்த கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும். வேலூரிலே எயினர் வீட்டுப் பெண்கள் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் தருவார்கள். வயல் சூழ்ந்த ஆமூரிலே வெண்சோறும் நண்டும். மலைபடுகடாம் இன்னும் ஒருபடி மேலே போய், மலைவழியில் விலங்குகளுக்கு வைத்திருக்கும் பொறிகள் எவை, வழுக்கும் இடங்கள் எவை என்றெல்லாம் எச்சரிக்கின்றது. இந்த நூல்களில் ஊரின் பெயர் மட்டும் வருவதில்லை. அங்கே உனக்குச் சோறு போடுபவர் யார் என்பதும் வருகின்றது. வழி சொல்பவன் அந்த வழியால் நடந்தவன். நடவாதவன் ஆற்றுப்படுத்த முடியாது.

நேயர்களே, இந்தக் கண் கொண்டுதான் பாசிக்குடாவிலிருந்து மலைநாட்டுக்குச் செல்லும் வழியின் கதையைச் சொல்ல விரும்புகின்றேன்.

பாசிக்குடா மட்டக்களப்பு நகருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றது. அலை குறைந்த, ஆழங் குறைந்த குடா. நெடுந்தூரம் நடந்து போனாலும் நீர் மார்பளவைத் தாண்டாது. 1970களில் இங்கும் அயலிலுள்ள கல்குடாவிலும் உல்லாச விடுதிகள் எழுந்தன. 1978 நவம்பர் 23 அன்று வீசிய சூறாவளி ஓரடி அடித்தது. பின்னர் யுத்தம் வந்தது. 2004இல் கடலே வந்தது. 2011 முதல் புதிய விடுதிகள் வரிசையாகத் திறக்கப்பட்டன. இன்று கொழும்பிலிருந்து வருபவருக்குத் தயாரிக்கப்படும் பயணத் திட்டங்களிற் பெரும்பாலும் பாசிக்குடா கடைசிப் புள்ளி. ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை, கடல் என்று கோடு நேராக வந்து மணலில் நின்றுவிடுகின்றது. பழைய வரலாற்றில் இந்தக் கரை எப்போதும் ஒரு தொடக்கமாகவே இருந்திருக்கின்றது. வழி இங்கிருந்து மேற்கே, மலையை நோக்கிப் புறப்படும்.

அது எப்போது புறப்படும் என்பதைக் காற்றுத்தான் தீர்மானித்தது. கிழக்கு மாகாணத்தார் கச்சான் காற்று என்பார்கள். (கடதாசிச் சுருளில் வாங்கித் தின்னும் கச்சான் அல்ல.) வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் மழையைக் கொட்டிவிட்டு, முகடு தாண்டி ஊவாப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகின்றது. அந்த வறட்சியிலே தேயிலைக் கொழுந்து மெல்ல வளர்ந்து தனி மணம் பெறுகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் உள்ள பெயர் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான இந்தச் சில வாரங்களில் ஆனது. அதே காற்று இன்னும் கீழே இறங்கி, பிந்தனைக் காடுகளைக் காய வைத்து, எங்கள் கரையைக் கடந்து கடலுக்குப் போகின்றது. நிலத்திலிருந்து வீசுவதால் பாசிக்குடாவிலே கடல் தட்டையாகக் கிடக்கின்றது. மேனாட்டார் திராட்சை மதுவைப் பற்றி, இந்தச் சரிவு, இந்த வெயில், இந்த மாதம் என்று பேசுவது போல ஊவாத் தேயிலையைப் பற்றியும் பேசலாம். எங்கள் மதுநாடு அதுதான் என்பது என் கருத்து. கரையிலே வேறு மதுவும் முயன்று பார்க்கப்பட்டது: 2017இல் கல்குடாப் பகுதியில் மதுசாரத் தொழிற்சாலை ஒன்று எழுந்தபோது ஊரவர் எதிர்த்துக் கிளர்ந்தனர். அது வேறு கதை.

ஆறுகள் வற்றி, சேற்று வழிகள் இறுகும் காலமும் இதுவே. கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்குக் கரையோரமாக நடந்து செல்லும் அடியார்கள் வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று முருகன் கோவில்களைத் தங்குமிடமாகக் கொண்டு தெற்கே போவதும் இந்தக் காலத்தில்தான். மேற்கே போனவர்கள் வியாபாரிகள். கரையோரத்து முஸ்லிம் வணிகர்கள் பொதிமாடுகளை அணியாகக் கட்டி (சிங்களத்தில் ‘தவலம’ என்பர்) உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு பிந்தனைக்கும் ஊவாவுக்கும் சென்று, பாக்கும் தேனும் மெழுகும் கொண்டு இறங்கினர். சங்க இலக்கியத்து உமணர்களை நான் வகுப்பிலே படிப்பிக்கும்போது இவர்களைத்தான் உதாரணம் காட்டுவேன். கடலில்லாத கண்டி இராச்சியத்துக்கு உப்பு உயிர்நாடி. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனபோது மன்னன் இழந்தவற்றுள் உப்பும் ஒன்று. இந்த வழியில் பசறைக்கும் பிபிலைக்கும் இடையே லுணுகலை என்று ஓர் ஊர் இருக்கின்றது. சிங்களத்தில் உப்பும் கல்லும் சேர்ந்த பெயர் அது.

வெளிநாட்டார் ஒருவர் இந்த வழியாற் போய் எழுதி வைத்த முதற் பயணங்களுள் ஒன்று 1602ஆம் ஆண்டுக்குரியது. ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் அவ்வாண்டு மே 31 அன்று மட்டக்களப்புக் கரையை அடைந்தார். போர்த்துக்கேயராக இருக்குமோ என்ற ஐயத்தோடுதான் இங்கிருந்தவர்கள் அவரை ஏற்றனர். ஜூலையிலே, சரியாகக் கச்சான் காலத்திலே, சிறு கூட்டத்தோடு கண்டிக்குப் புறப்பட்டார். மகியங்கனைப் பெருந்தாதுகோபத்தைக் கண்டு குறித்துவைத்தார். கண்டியில் விமலதர்மசூரிய மன்னன் அவரை மிக விருப்போடு வரவேற்றான். ஸ்பில்பேர்கன் மலைக்குக் கொண்டு போனவற்றுள் என் மனத்தில் நிற்பவை இரண்டு: குதிரைமேல் இருக்கும் மோரிஸ் இளவரசரின் ஓவியம் ஒன்று, இரண்டு வாத்தியகாரர். மன்னனின் விருப்பத்துக்கு இணங்க அந்த இருவரையும் கண்டியிலேயே விட்டுவிட்டு வந்தார். உப்பு ஏறிய வழியில் ஒரு முறை ஐரோப்பிய இசையும் ஏறியிருக்கின்றது.

அடுத்து வந்தவர் செபால்ட் டி வீர்ட். அவரும் மன்னனிடம் போய் வந்தவர்தான். ஆனால் 1603இல், கைப்பற்றிய போர்த்துக்கேயரை விட்டுவிட்டதனாலும், மதுவெறியில் மன்னனிடம் பேசிய தகாத சொல்லாலும், மட்டக்களப்பிலே தம்மவர் பலரோடு வெட்டுண்டு மாண்டார் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். விருந்தினர் எங்கே எவ்வளவு குடிக்கலாம் என்று சொல்லிக் கொடுக்க அவருக்கு ஒரு பாணன் வாய்க்கவில்லை.

திட்டம் பிழைத்த பயணத்துக்கு இதே வழியில் இன்னும் பெரிய உதாரணம் உண்டு. 1804இல் ஆங்கிலேயர் கண்டியைப் பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் தாக்க எண்ணினர். பின்னர் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. மட்டக்களப்பில் இருந்த ஆர்தர் ஜோன்ஸ்ரன் என்ற அதிகாரிக்கு வந்த கடிதத்தின் வாசகம் தெளிவாக இல்லை. அவர் அதைப் புறப்படும்படி வந்த கட்டளையாகவே கொண்டார். செப்டெம்பரில் சுமார் 300 பேருடன் காட்டுக்குள் நுழைந்து, போரிட்டபடியே ஏறிக் கண்டியை அடைந்து பார்த்தால், வேறெந்தப் படையும் வரவில்லை! சில நாள் காத்திருந்து, ஒக்டோபரில் பெரும் இழப்போடு திருகோணமலைக்கு இறங்கினார். 1810இல் தாமே அந்தக் கதையை நூலாக எழுதி வெளியிட்டார். ஒரு கடிதத்தை எப்படி எழுதக்கூடாது என்பதற்கு மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

1815இன் பின் வழி வீதியாகத் தொடங்கியது. எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலிலே பிந்தனையும் வேடரும் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களும் தொடர்ந்து வருகின்றன. பின்னாளில் விபுலாநந்த அடிகள் அந்த வாவி இசையையே நீரரமகளிர் இசையாக்கி யாழ் நூலில் அமைத்தார். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியது. 1928இல் மட்டக்களப்பை எட்டியது. அந்தப் பாதை போடப்பட்ட காலத்தில், வாழைச்சேனைக்கு மேற்கே புணாணையில் மனிதரைத் தின்ற சிறுத்தை ஒன்று 1924இல் சுடப்பட்டது. இரு பக்கமும் ரயில் வந்த பின்னரும் பதுளைக்கும் கரைக்கும் இடையே உள்ள தொடர்பு வீதியிலேயே தங்கியிருந்தது.

இன்றைய பெயரில் அது பேராதனை–பதுளை–செங்கலடி வீதி. செங்கலடியிலே மேற்கே திரும்பினால் கறுத்தப்பாலம், கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவை. பதியத்தலாவையில் வழி பிரிகின்றது. ஒன்று மகியங்கனைக்கும் பதினெட்டு வளைவுக்கும் ஏறிக் கண்டி செல்லும். அது ஏறக்குறைய ஸ்பில்பேர்கனின் வழி. மற்றது பிபிலை, லுணுகலை, பசறை வழியே பதுளைக்கு. அது தேயிலையின் வழி. செங்கலடியிலிருந்து பிபிலை வரை சுமார் 87 கிலோமீற்றர். அதற்குள் தமிழ் ஊர்களும் சிங்கள ஊர்களும், வயலும் காடும், வெந்நீர்க் கிணறுகளும் வந்துவிடுகின்றன. ஐந்திணையில் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. கோடையிற் போனால் பாலையும் உண்டு.

வடக்கே திருகோணமலைக்குப் போகும் கரையோர வீதியையும் சொல்லாமல் விடக்கூடாது. துறைகளில் வாகனங்களை அக்கரை சேர்க்கும் தட்டையான மிதவைக்கு எங்கள் பகுதியில் ‘பாதை’ என்றே பெயர். வீதி முடிந்து நீர் தொடங்கும் இடத்தில், நீரின்மேல் நகர்வதும் பாதைதான்! எவ்வளவு பொருத்தமான சொல்! அந்த வீதியில் இப்படிப் பல பாதைகள் இருந்தன. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. பயணம் விரைவாகிவிட்டது. பாதைக்காகக் காத்திருந்த நேரத்தில் துறையடியில் அறிமுகமாகிக் கதைத்துக்கொண்ட மனிதர்கள் இப்போது ஒருவரையொருவர் காண்பதில்லை.

நான் சொல்ல வந்த விடயம் இனித்தான் வருகின்றது. 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டபின் செங்கலடி வழி சாதாரண மக்களுக்கு வழியாக இருக்கவில்லை. 2002 ஒப்பந்தத்தின் பின்னர் கறுத்தப்பாலம், இரு தரப்பாரின் கட்டுப்பாட்டுக்கும் இடைப்பட்ட கடவையாயிற்று. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மக்கள் அலை அலையாக இடம்பெயர்ந்தனர். 2007 ஜூலையில் குடும்பிமலையோடு கிழக்கின் யுத்தம் முடிந்தது. பிறகு வீதி அகலிக்கப்பட்டது. தார் போடுவது எளிது. ஏறக்குறைய ஒரு தலைமுறை அந்த வழியால் நடக்கவில்லை என்பதை எந்தத் திணைக்களமும் செப்பனிட முடியாது. நானும் அந்தத் தலைமுறைதான். பதுளை எனக்குப் புவியியற் படத்திலிருந்த ஒரு புள்ளி.

ஒரு முறை வகுப்பிலே ஆற்றுப்படை படிப்பித்து முடித்தபின், பதுளையிலுள்ள ஒரு மாணவனைப் பாசிக்குடாவுக்கு ஆற்றுப்படுத்தி எழுதும்படி சொன்னேன். அநேகமாக எல்லோரும் அவனைப் பொலன்னறுவைக்குக் கொண்டு போய், கொழும்பு பஸ் வரும் வழியால் இறக்கிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் லுணுகலை, மகாஓயா, புல்லுமலை என்று ஒழுங்காக எழுதியிருந்தாள். எங்கே தேநீர் நன்றாக இருக்கும், எந்தச் சரிவில் பிரேக் சூடேறும், எந்த வீட்டில் தண்ணீர் கேட்கலாம் என்பது வரை! விசாரித்தால், அவளுடைய பாட்டனார் 1990க்கு முன் லொறியில் உதவியாளாகப் போனவர். பாசிக்குடாப் பக்கத்துக் கருவாடு பதுளைக்கு ஏறும். கரட்டும் கோவாவும் தேயிலையும் இறங்கும். அவள் எழுதிய கடைகள் இப்போது இருக்கமாட்டா. தண்ணீர் தந்த வீடுகளிற் சில இல்லவே இல்லை. ஆனாலும் அவரிடம் இன்னும் சொல்வதற்கு வழி இருந்தது.

கல்லூரிச் சுற்றுலாவுக்கு அந்த வழியையே தெரிந்தோம். மாதம் ஜூலை. விடியற்காலை நாலரைக்குப் புறப்பாடு, பதியத்தலாவையில் காலை உணவு, பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை, இரவு பதுளையில் ஒரு பாடசாலை மண்டபம் என்று ஒழுங்கு. பெற்றோர் கூட்டத்தில் அட்டவணையை வாசித்தபோது, வீதியில் யானை வருமா என்று கேட்டார்கள். சாப்பாட்டுச் செலவு கேட்டார்கள். பாட்டனார் பின்வரிசையில் இருந்து முழுவதையும் கேட்டுவிட்டு, மகாஓயா வெந்நீர்க் கிணற்றை ஏறும் வழியில் வைத்திருந்ததை மட்டும் திருத்தச் சொன்னார்.

“மேல போகக்குள்ள குளிக்க வேணாம் வாத்தியார். லுணுகலக் காத்து பட்டா புள்ளையளுக்குத் தடிமன் புடிக்கும். வரக்குள்ள குளியுங்க. அஞ்சு கிலோ கருவாடும் கொண்டு போங்க, பசறையில கேப்பாங்க.”

அட்டவணையில் இரண்டையும் குறித்துக்கொண்டேன்.