கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு

கிட்டார் வாங்கின முதல் மாசம் நாம எல்லாருமே இடது கையைத்தான் கவனிக்கிறோம். விரல் நுனி எரியும், கார்ட் மாத்த வராது. வலது கை? "அது சும்மா மேலயும் கீழயும் போறதுதானே"ன்னு விட்டுடுறோம். இந்த "சும்மா"வுக்கு நானூறு வருஷ வரலாறு இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

1596. பார்சிலோனாவில் ஜுவான் கார்லோஸ் அமாட் என்ற மருத்துவர் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார். அப்போது கிட்டாரில் ஐந்து வரிசைக் கம்பிகள். ஒவ்வொரு கார்டுக்கும் அவர் ஒரு எண் கொடுத்தார். எண்ணைப் பார்த்து விரலை வை, மொத்தக் கம்பியையும் தட்டு, பாட்டுக்குத் துணை ரெடி. பத்து வருஷம் கழித்து, 1606-ல், இத்தாலியில் மொந்தெசார்தோ இன்னொரு வேலை செய்தார். ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே குறி இருந்தால் கீழ்த்தட்டு, மேலே இருந்தால் மேல்தட்டு என்று அச்சடித்தார். இன்னைக்கு யூடியூப் பாடத்துல வர்ற அம்புக்குறிக்குத் தாத்தா இதுதான்!

ஆனா மரியாதை கிடைக்கல. 1611-ல் வெளியான கோவரூபியாஸின் ஸ்பானிய அகராதி, கிட்டாரை மாட்டு மணியோடு ஒப்பிட்டது. குதிரை லாயத்துப் பையன்கூட வாசிக்கிற அளவுக்கு அது சுலபமாம். யார் வேணும்னாலும் செய்யலாம்னா அது கலை இல்லைங்கிற பார்வை. நம்ம ஊர்ல பறைக்கும் உருமிக்கும் நடந்தது இதுதானே?

எனக்குச் சொந்த ஊர் வருசநாடு, வைகை பிறக்கிற மலையடிவாரம். அங்கிருந்து தேனிக்கு இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கு வழியா போனா பண்ணைப்புரம். 1943-ல் இளையராஜா பிறந்த ஊர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில், மலைமேல் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே, ரோசம்மா புன்னூஸுக்காக ஓட்டுக் கேட்டுப் பாடினார். அந்த மாதிரி மேடைப் பாட்டுக்கு முதல் வேலை கூட்டத்தைப் பிடிச்சு நிறுத்துறது. அதுக்குத் தாளம் வேணும்.

அண்ணனோட மேடைகளில் வளர்ந்த இளையராஜா 1960களின் கடைசியில் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். சலில் சவுத்ரிக்குக் கிட்டார் வாசித்தார். 1976-ல் 'அன்னக்கிளி'. கம்பி கம்பியா மீட்டுற நுணுக்கத்தை அவர் பிறகு படிச்சார். தாளம் அதுக்கு முன்னாடியே ஊர்ல கிடைச்சிருந்தது.

இதுல புதுசா கத்துக்கிறவங்களுக்கு என்ன இருக்கு? கிட்டாரைக் கீழே வைங்க. முதல்ல வாயால "தகதிமி தகதிமி" சொல்லுங்க. சொல்லுக்கு ஒரு அசைவு: த கீழ, க மேல, தி கீழ, மி மேல. கை நிக்கவே கூடாது. ஒரு தட்டு வேண்டாம்னா கம்பியைத் தொடாம கையை மட்டும் ஓட்டுங்க. பேட்டர்ன்னு சொல்றது இவ்வளவுதான்: ஓடுற கை எங்க கம்பியைத் தொடுது, எங்க தொடாம போகுது.

அது படிஞ்சதும் நம்ம கும்மியில கேக்குற "தகிட தகிட"வுக்குப் போங்க. இங்கதான் சிக்கல். முதல் "த" கீழ்த்தட்டுல விழும், ரெண்டாவது "த" மேல்தட்டுல. அழுத்தம் ரெண்டுக்கும் ஒண்ணா இருக்கணும். மேல்தட்டு பலவீனமா இருந்தா கும்மி நொண்டும். மெதுவா வாசிங்க, வேகம் தானா வரும்.

அகராதி எழுதினவர் சுலபம்னு சொன்னது பாதி உண்மை. ஆரம்பிக்கிறது சுலபம். அடுத்தவங்க பாடும்போது தாளம் நழுவாம தாங்கிப் பிடிக்கிறது சுலபம் இல்ல. ஊர்த் திருவிழாவுல விடிய விடிய உருமி அடிக்கிறவரோட கையைப் பாருங்க, தெரியும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.