கொடைக்கானலில் உலாவும் வழக்கம்

பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், பிழைப்பிற்காக அன்றி உடல்நலத்திற்காகத் திறந்தவெளியில் நடக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வேரூன்றியது. தேனும் கிழங்கும் தேடிய பளியரும், சரிவுகளில் பயிரிட்ட குன்னுவரும் அதற்கு நெடுங்காலம் முன்பே காடெங்கும் நடந்து தடம் பதித்திருந்தனர்; ஆயினும் அந்நடை அவர்களுடைய உழைப்பின் ஒரு பகுதியாகவே இருந்தது.

1834-ல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், காலராவும் காய்ச்சலும் தங்கள் குடும்பங்களைக் குலைத்ததால் முதலில் சிறுமலையை நாடினர். அங்கும் மலேரியா தொடரவே, 1845-ல் கொடைக்கானலில் குடியிருப்புகளை அமைத்தனர். வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றே நோய்க்குக் காரணம் என்றும், குளிர்ந்த காற்றில் உலாவினால் இழந்த வலிமை மீளும் என்றும் அக்கால மருத்துவம் நம்பியது. மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பது 1897-ல்தான் நிறுவப்பட்டது. எனினும் இவ்வாறு நலம் தேடி வந்தவர்களுள் பலரை மலையடிவாரத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் டோலியில், அதாவது கழிகளில் பொருத்தி ஆட்கள் தோளில் சுமக்கும் இருக்கையில், மேலேற்றியவர்கள் கூலித் தொழிலாளர்களே. கொடைக்கானலின் நடை வரலாற்றை அவர்களை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

மலையூரில் ஏற்றமும் இறக்கமுமே மிகுதி என்பதால், முதியவரும் நோயாளியும் மூச்சிரைக்காமல் நடக்கச் சமதளப் பாதை தேவைப்பட்டது. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து ஏரியை உருவாக்கியதால், சுமார் 60 ஏக்கர் நீர்ப்பரப்பைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளும் உலாவழி ஊருக்குக் கிடைத்தது. 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் தென்புறச் செங்குத்துச் சரிவின் விளிம்பையொட்டிச் சுமார் 1 கிலோமீட்டர் நீளத்திற்கு நடைபாதை அமைத்தார். சென்னையில் கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்தபோது மெரினாவில் உலாச்சாலை உருவானது 1880-களில் என்பதைக் கருதினால், காலாற நடப்பதற்கென்றே ஒரு பொதுவழியைத் தமிழகத்தில் மிக முன்னதாகப் பெற்ற ஊர்களுள் கொடைக்கானலும் ஒன்று எனலாம்.

1890-ல் படகுக் குழாம் தோன்றியது. 1901-ல் தொடங்கிய மிஷனரிப் பள்ளியோ மாணவர்களை நெடுந்தூர மலைநடைக்குப் பழக்கியது. 1910-களில் வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை திறக்கப்பட்டதும் டோலி மெல்ல மறைய, சமவெளி மக்களும் மிகுதியாக வரலாயினர். ஓய்வுக்கு வந்த வெள்ளையரின் வழக்கமாக இருந்த ஏரிவலம் காலப்போக்கில் உள்ளூர் மக்களின் காலைப் பழக்கமாகவும் ஆகியிருப்பது, இவ்வூரின் வரலாற்றில் மகிழத்தக்க மாற்றங்களுள் ஒன்று.

அந்தப் பழக்கத்திற்குரிய இடம் இன்று சுருங்கிவருகிறது. கோடைப் பருவத்தில் ஏரிச்சாலையில் நடப்போர் வாகனங்களுக்கும் வாடகைக் குதிரைகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் ஒதுங்கியே செல்லவேண்டியிருக்கிறது; உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டதே நெரிசலின் அளவை உணர்த்தும். உலாவுவதற்கென அமைந்த கோக்கர் நடைபாதையில் நுழைவதற்கும் கட்டணம் உண்டு. ஏரிச்சாலையில் அதிகாலை வேளையையேனும் வாகனமின்றி நடப்போருக்கு ஒதுக்குவதும், உள்ளூர் மக்களைக் கோக்கர் பாதையில் கட்டணமின்றி நடக்கவிடுவதும் நகராட்சி தாமதமின்றிச் செய்யவேண்டியவை.