பேறுகாலத்துக்குப் பின் தாய்க்கு வைட்டமின் ஏ

மகப்பேற்றை அடுத்த சில வாரங்களுக்குள் தாய்க்கு மிகுஅளவு வைட்டமின் ஏ கொடுத்து, தாய்ப்பால் வழியாகக் குழந்தையின் உடலில் அதன் இருப்பைப் பெருக்கும் ஊட்டச்சத்து முறை. வழக்கமாகத் தரப்பட்ட அளவு 2,00,000 பன்னாட்டு அலகு, அதாவது ஏறத்தாழ 60 மில்லிகிராம் ரெட்டினால் (வைட்டமின் ஏ-இன் ஒரு வடிவம்). கருவுற்றிருக்கையில் இவ்வளவு கொடுத்தால் கருவின் உறுப்புகள் பழுதுபடலாம். ஆகவே மறு கருத்தரிப்புக்கு வாய்ப்பு குறைந்த, மகப்பேற்றுக்குப் பிந்தைய முதல் 6–8 வாரங்களே ஏற்றவையாகக் கருதப்பட்டன.

பிறந்த குழந்தையின் கல்லீரலில் இச்சத்து மிகக் குறைவு. முதல் நாள்களில் சுரக்கும் சீம்பால் அதை ஈடுசெய்கிறது. அதன் அடர்மஞ்சள் நிறமே வைட்டமின் ஏ-இன் முன்பொருளான கரோட்டின் செறிவால் வருவது. வைட்டமின் ஏ-இலிருந்து உண்டாகும் ரெட்டினோயிக் அமிலம் நிணநீர் அணுக்களைக் குடற்சுவருக்குச் செலுத்தி, ஐஜிஏ எதிர்ப்பொருள் சுரப்பைத் தூண்டுகிறது. இதனால் தடுப்பூசியின் பலனும், குறிப்பாகப் போலியோ சொட்டு மருந்தின் பலனும், உயருமென எதிர்பார்க்கப்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, பெரு நாடுகளில் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வில் தாய்க்கு 2,00,000 அலகும், 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிகளோடு குழந்தைக்கு 25,000 அலகும் தரப்பட்டன. குழந்தைகளின் ரெட்டினால் இருப்பு சிறிதே உயர்ந்தது, அதுவும் நிலைக்கவில்லை. இந்தியக் குழந்தைகளிடம் முதல் வகைப் போலியோ வைரஸுக்கு எதிர்ப்பாற்றல் ஓரளவு கூடியது. தாய், சேய் இருவருக்கும் மருந்து கொடுக்கப்பட்டதால் இப்பலனைத் தாய்க்குத் தந்த அளவுக்கு மட்டும் உரியதாக்க முடியாது.

தாய்சேய் நோயையும் இறப்பையும் தடுக்க இம்முறை வேண்டியதில்லை என 2011-இல் அந்நிறுவனம் அறிவித்தது. 6 மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு, பற்றாக்குறை மிகுந்த பகுதிகளில், நேரடியாக வைட்டமின் ஏ தரும் பரிந்துரை தொடர்கிறது.