கூரைக்கு அடியில் கோடை: உள்ளரங்க நீர்ப்பூங்காக்களின் வரலாறு

கோடை மூன்று மாதமே நீடிக்கும் நாடுகளில் பிறந்தது உள்ளரங்க நீர்ப்பூங்கா. குளிர்காலத்தில் காலியாகக் கிடக்கும் அறைகளை எப்படி நிரப்புவது என்ற விடுதிக்காரர்களின் கவலைதான் அதைப் பெற்றெடுத்தது. நெதர்லாந்தில் விளையாட்டுப் பொருள் கடைகள் நடத்திவந்த பியெட் டெர்க்சன், 1968இல் காட்டுக்குள் சிறு வீடுகள் கட்டி விடுமுறைக்கு வாடகைக்கு விட்டார். சென்டர் பார்க்ஸ் என்ற பெயரில் வளர்ந்த அவருடைய நிறுவனம், 1980இல் டி எம்ஹாஃப் கிராமத்தில் கண்ணாடிக் கூரையின் கீழ் வெப்பமண்டலச் செடிகளும் வெந்நீர்க் குளமும் அமைத்தது. வெளியே மழையோ பனியோ பெய்தாலும் உள்ளே குளிக்கலாம் என்றானதும் ஆண்டு முழுவதும் குடும்பங்கள் வந்தன.

கனடாவில் வேறு வழி பிறந்தது. எட்மன்டன் நகரின் பிரமாண்டமான வணிக வளாகத்துக்குள் 1986இல் வேர்ல்ட் வாட்டர்பார்க் திறக்கப்பட்டது. அங்கே தங்க வேண்டிய கட்டாயமில்லை. சீட்டு வாங்கினால் போதும், குளித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அறையோடு சேர்த்து விற்பது, நாள்சீட்டு விற்பது என்ற இந்த இரண்டு வழிகளும் இன்றுவரை தொடர்கின்றன. ஜப்பானின் மியாசாகியில் 1993இல் எழுந்த ஓஷன் டோம், 300 மீட்டர் நீளமும் திறந்து மூடும் கூரையும் கொண்டது. உண்மையான கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. எதிர்பார்த்த கூட்டம் வராமல் 2007இல் மூடப்பட்டு, பத்து ஆண்டுகளுக்குப் பின் இடிக்கப்பட்டது.

இந்த வணிகம் வேரூன்றித் தழைத்த இடம் அமெரிக்காவின் விஸ்கான்சின் டெல்ஸ். ஏறத்தாழ 3,000 பேர் வாழும் ஆற்றங்கரைச் சிற்றூர் அது. அங்குள்ள மணற்பாறைக் குன்றுகளை எச். எச். பென்னட் என்ற புகைப்படக் கலைஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே படமெடுத்துப் புகழ் பெறச் செய்தார். அவர் மகன் ஒரு பாறையிலிருந்து மறு பாறைக்குத் தாவும் 1886ஆம் ஆண்டுப் படம் இன்றும் பேசப்படுகிறது. 1952இல் டாமி பார்ட்லெட்டின் நீர்ச்சறுக்குக் காட்சி வந்தது. 1979இல் நோவாஸ் ஆர்க் என்ற திறந்தவெளி நீர்ப்பூங்கா வந்தது. எல்லாமே கோடைக்கானவை. மே மாதக் கடைசியில் களைகட்டும் ஊர் செப்டம்பர் தொடக்கத்தில் அடங்கிவிடும். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரிக்கும் மேல் இறங்கும். விடுதிகள் பூட்டிக் கிடக்கும்; வேலையாட்களுக்குக் கூலி இருக்காது.

1994இல் பாலினீஷியன் என்ற விடுதி தன் நீர் விளையாட்டிடத்தைக் கூரைக்குள் கொண்டுவந்தது. குளிர்காலத்திலும் அறைகள் நிரம்பின. பக்கத்து விடுதிக்காரர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நோவாஸ் ஆர்க்கை நடத்திய வாட்டர்மன் சகோதரர்கள் 1997இல் பிளாக் வுல்ஃப் லாட்ஜைத் திறந்தனர். அது கைமாறி, கிரேட் வுல்ஃப் லாட்ஜ் என்ற பெயரில் நாடெங்கும் கிளை பரப்பியது. 2000இல் ஆப்பிரிக்க அலங்காரத்துடன் கலஹாரி வந்தது. 2005இல் அது ஒஹாயோவின் சாண்டஸ்கியிலும் கால் ஊன்றியது.

இந்த விடுதிகளின் நடுநாயகம் ஒரு மரக்கோட்டை. ஏணிகள், கயிற்றுப் பாலங்கள், தண்ணீர்த் துப்பாக்கிகள் என அடுக்கடுக்காக உயரும் கோட்டையின் உச்சியில் ஒரு ராட்சத வாளி தொங்கும். கிரேட் வுல்ஃபில் அதன் கொள்ளளவு 1,000 கேலன், அதாவது சுமார் 3,800 லிட்டர். வாளி நிரம்பி வரும்போது மணி ஒலிக்கும். மூலைக்கொன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் கீழே வந்து தலையை நிமிர்த்தி நிற்பார்கள். வாளி கவிழும், ஒரே கூச்சல். நீச்சல் தெரியாத பிள்ளைக்கும் பங்கு கிடைக்கும் விளையாட்டு இது. குடும்பங்களை மீண்டும் மீண்டும் வரவழைத்ததில் உயரமான சறுக்குகளைவிட இந்த வாளிக்கே பங்கு அதிகம் என்று சொல்லலாம்.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் வியப்பானது. பெர்லினுக்குத் தெற்கே, சோவியத் படையின் பழைய விமானத்தளத்தில், சரக்கு வான்கப்பல் கட்டுவதற்காக கார்கோலிஃப்டர் நிறுவனம் 360 மீட்டர் நீளமும் 107 மீட்டர் உயரமும் உள்ள கொட்டகையை எழுப்பியது. 2002இல் நிறுவனம் திவாலானது. கொட்டகையை வாங்கியதில் முக்கியப் பங்கு மலேசியாவின் தஞ்சோங் நிறுவனத்துடையது. அந்த நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குக் கோலாலம்பூரில் பிறந்த ஆனந்த கிருஷ்ணன். 2004 டிசம்பரில் கொட்டகை டிராபிக்கல் ஐலண்ட்ஸ் என்ற நீர்ப்பூங்காவாகத் திறக்கப்பட்டது. பின்னர் தெற்குப் பக்கக் கூரையின் ஒரு பகுதியில் ஒளி புகும் பிளாஸ்டிக் படலம் பொருத்தப்பட்டது. உள்ளே மணல் கரையும் மழைக்காடும் உண்டு. கூடாரத்தில் இரவு தங்கவும் இடம் உண்டு.

கூரை தீர்த்துவைத்த சிக்கல் குளிர். கொண்டுவந்த சிக்கல் காற்று. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலக்கும்போது குளோரமைன் உண்டாகிறது. திறந்த வெளியில் அது பறந்துபோகும். கூரைக்குள் நீர்மட்டத்தின் மேலேயே தேங்கி, கண்ணை எரியவைத்து இருமலை வரவழைக்கும். நீரைத் தெறிக்கவைக்கும் விளையாட்டுகள் அதைக் கூடுதலாகக் காற்றில் கலந்துவிடுகின்றன. அமெரிக்காவில் சில பூங்காக்களில் இதனால் விருந்தினர்களும் பணியாளர்களும் பாதிக்கப்பட்ட பிறகுதான் காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றை நுழைக்கும் அமைப்புகளுக்கு உரிய கவனம் கிடைத்தது. மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாடை’யைச் சுத்தத்தின் அடையாளமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது சரியாகப் பராமரிக்காததன் அடையாளம்.

குடும்பத்தோடு போகிறவர்களின் தேர்வையும் இந்த வரலாறே தீர்மானிக்கிறது. விடுதியோடு இணைந்த பூங்காவில் அறைக்கட்டணத்துக்குள் நுழைவும் அடங்கியிருக்கும். கைக்குழந்தை தூங்கவும் இடையில் ஓய்வெடுக்கவும் அறை பக்கத்திலேயே இருக்கும். ஒரு பகல் போதும் என்பவர்களுக்கு நாள்சீட்டுப் பூங்காவே சிக்கனம். பெரிய சறுக்குகள் பலவற்றில் 48 அங்குல உயரம், அதாவது நான்கடி, கேட்கிறார்கள். ஆகவே சறுக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், கடைக்குட்டியின் உயரத்துக்கு அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால், காற்றோட்டம் எப்படி என்று விடுதியில் விசாரித்த பிறகே முன்பதிவு செய்ய வேண்டும்.