குழாய்க்குள் ஒரு கவசம்

வீட்டில் குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பிளம்பரை! அந்தப் பெயரே 'ப்ளம்பம்' என்கிற லத்தீன் வார்த்தையிலிருந்து வந்ததுதான். பொருள், காரீயம். (பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம். அது வேறு, இது வேறு!) ரோமானியர்கள் காரீயக் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். காரீயத்தோடு புழங்கும் தொழிலாளிகளின் வெளிறிய முகத்தைப் பாருங்கள், மண்குழாயே உடம்புக்கு நல்லது என்று 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார், கட்டடக்கலை நிபுணர் விட்ருவியஸ். யார் கேட்டார்கள்?

அமெரிக்காவும் கேட்கவில்லை. வளைக்கச் சுலபம், நீண்டநாள் உழைக்கும் என்று வீட்டு இணைப்புகளைக் காரீயத்தில் போட்டார்கள். இனி போடாதே என்று சட்டம் வந்தது 1986-ல். பழைய குழாய்கள்? மண்ணுக்கடியில் அப்படியே கிடந்தன.

மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரம். கஜானா காலி. நிர்வாகம், மாநில அரசு நியமித்த அதிகாரியின் கையில். செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு, 2014 ஏப்ரலில் உள்ளூர் ஆற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். விவகாரம் இங்கேதான்! டெட்ராய்ட் தண்ணீரில் பாஸ்பேட் கலந்திருக்கும். அது குழாயின் உட்புறம் மெல்லிய படலமாகப் படிந்து, காரீயம் கரையாமல் காக்கும். ஆற்றுத் தண்ணீரில் அதைச் சேர்க்கவே இல்லை. கவசம் போனது. காரீயம் டம்ளருக்கு வந்தது.

அந்த அக்டோபரிலேயே, என்ஜின் பாகங்கள் அரித்துப்போகின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. இரும்புக்கே ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் இன்னும் ஒரு வருஷம் குடித்தார்கள்!

2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா ரத்தப் பரிசோதனைக் கணக்கோடு வந்தார். ரத்தத்தில் காரீயம் அதிகமுள்ள குழந்தைகள் 2.4 சதவிகிதத்திலிருந்து 4.9 சதவிகிதமாகியிருந்தார்கள். அரசு முதலில் மறுத்தது, பிறகு ஒப்புக்கொண்டது. அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்பியது. ஆனால், காரீயம் தாக்குவது குழந்தையின் மூளை வளர்ச்சியை. இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே அதற்குக் கிடையாது.

இனி கவசத்தை நம்பிப் பயனில்லை, குழாயையே பிடுங்கு என்று வழக்குப் போட்டார்கள் மக்கள். 2017-ல் உடன்பாடு, 2025-ல்தான் வேலை முடிந்தது. மாற்றியவை கிட்டத்தட்ட 11,000 குழாய்கள்.

இதையே விஸ்கான்ஸின் மாநிலத்தின் மேடிசன் நகரம் 2001-லேயே ஆரம்பித்துவிட்டது. பாஸ்பேட் கலந்தால் ஊரைச் சுற்றியுள்ள ஏரிகள் கெடும், குழாயை மாற்றுவதே வழி என்று முடிவெடுத்தார்கள். பத்து வருஷ வாக்கில் சுமார் 8,000 குழாய்களை மாற்றிவிட்டார்கள்.

இரண்டு ஊரிலும் தோண்டியது ஒரே மாதிரிக் குழாயைத்தான். ஃப்ளின்ட்டில் தோண்டுவதற்கு முன்னால், குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டியிருந்தது!