உள்ளம் கிளர்த்தும் இசை

உழைத்துக் களைத்த உடலுக்கு உறக்கம் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது சோர்ந்த உள்ளத்துக்கு இசை. ஏற்றம் இறைத்த உழவரும், நாற்று நட்ட பெண்டிரும், கட்டுமரம் தள்ளிய பரதவரும் பாடிக்கொண்டே பணி செய்தது பாட்டில் வல்லவர் என்னும் பெயர் பெறுதற்கு அன்று. பாட்டில்லையேல் பணி பெருஞ்சுமையாகிவிடும் என்பதற்காகவே.

தமிழர் இவ்வுண்மையை நூலிலும் எழுதி வைத்தனர். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் உவகையை இறுதியில் நிறுத்தி, துன்பம் அகன்ற நிலையே அது என்று உணர்த்தினார். ஐவகை நிலத்தின் கருப்பொருள்களை எண்ணியபோது பறையையும் யாழையும் ஒரே நூற்பாவில் ஒருங்கே வைத்தார். பறை தாழ்ந்தது, யாழ் உயர்ந்தது என்னும் பேச்சு அங்கு இல்லை. அன்பர்கள் இதனை நினைவில் இருத்துதல் வேண்டும். இக்கட்டுரை அவ்விடத்துக்கே மீண்டும் வரும்.

ஊர்விட்டு ஊர்வந்து மும்பையில் குடியேறிய தமிழர், மனம் வாடியபோதெல்லாம் எவ்விசையைக் கேட்டு மலர்ந்தனர் என்பதே நாம் ஆராயப் புகும் பொருள். இதனால் யாது பயன் எனின், பயன் உண்டு. ஆண்டு விழா நெருங்குந்தோறும் நம் குடியிருப்புகளில் ஒரு வழக்கு எழுகின்றது. ‘கச்சேரியே வேண்டும்’ என்பார் ஒரு சாரார். ‘மெல்லிசையே வேண்டும்’ என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கைத் தீர்க்க வல்லது வரலாறு ஒன்றே.

தாராவிக்கு வந்த சிந்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏழை மக்கள் பலர் தாராவிக்கு வந்தனர். தோல் பதனிடும் தொட்டிகளில் அவர்கள் வேலை செய்தனர். சுண்ணாம்பு நீரும், நாற்றமும், சேற்று நிலமும் அவர்தம் வாழ்க்கை. அவர்கள் கொணர்ந்த பொருள் சிறிது. கொணர்ந்த பாட்டோ பெரிது. பறையும், நையாண்டி மேளமும், வில்லுப்பாட்டும், காவடிச் சிந்தும் தென்பாண்டி நாட்டின் சொத்துகள்.

இவற்றுள் காவடிச் சிந்தின் வரலாறு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மீது அதனைப் பாடினார். தோளில் காவடி சுமந்து வெயிலில் நெடுவழி நடக்கும் அடியவர்க்கு உரிய வகை அது. மும்மூன்றாகத் துள்ளும் தாளநடை காலுக்கு வேகம் தருகின்றது. அடுக்கி வரும் எதுகையும் மோனையும் நாவுக்குச் சுவை தருகின்றன. செஞ்சுருட்டி போன்ற எளிய இராகம் ஒருமுறை கேட்டார்க்கும் மனத்தில் தங்குகின்றது. சுமையை மறக்கச் செய்தல் என்னும் ஒரே நோக்கத்துக்கு அதன் உறுப்புகள் அனைத்தும் துணை நிற்கின்றன. சுமை தூக்கிப் பிழைத்த மக்களுக்கு அதனினும் பொருத்தமான பாட்டு யாது?

மாதுங்காவுக்கு வந்த அபங்கம்

மற்றொரு சாரார் எழுத்தர்களாகவும், கணக்கர்களாகவும், சுருக்கெழுத்தாளர்களாகவும் வந்து மாதுங்காவில் குடியேறினர். 1920களில் அங்கே ஆஸ்திக சமாஜமும் தென்னிந்திய பஜனை சமாஜமும் தோன்றின. வாரமெல்லாம் அலுவலகத்தில் பேரேடுகளோடு போராடியவர்கள், ஓய்வு நாளில் ஜால்ராவும் மிருதங்கமும் ஒலிக்கக் கூடி அமர்ந்து பாடினர். ஒருவர் முன்னே பாட, மற்றவர் பின்னே பாடும் முறை பஜனைக்கு உரியது. குரல் வளம் இல்லாதார்க்கும் அதில் இடம் உண்டு. தனியே வாடிய உள்ளம் கூட்டத்தில் கரைகின்றது.

இங்கே ஒரு வியப்பைக் காணலாம். நம் பஜனை மரபில் துகாராம், நாமதேவர் முதலிய மராட்டிய அடியார்களின் அபங்கங்கள் பாடப்பெறுகின்றன. இவை தமிழர் வாய்க்கு எங்ஙனம் வந்தன? 1676 அளவில் தொடங்கி 1855 வரை தஞ்சையை ஆண்டோர் மராட்டிய மன்னர். அவர்தம் காலத்தில் மராட்டியப் பாடகரும் கீர்த்தனக்காரரும் காவிரிக் கரைக்கு வந்தனர். அபங்கம் நம் பஜனையில் கலந்தது. மராட்டியக் கீர்த்தன முறையைத் தழுவித் தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் தமிழகத்து அரிகதையைச் செப்பம் செய்தார். லாவணி தஞ்சைத் தெருக்களில் தமிழ் பேசியது. ஆதலின், மாதுங்காவில் தமிழர் அபங்கம் பாடியது அயலார் பாட்டைக் கடன் வாங்கியது அன்று. தம் முன்னோர் தஞ்சையில் பெற்றுப் போற்றிய செல்வத்தை அது பிறந்த நாட்டுக்கே மீளக் கொணர்ந்தது. 1960களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னிந்தியர் வெறுப்புக்கும் தாக்குதலுக்கும் இலக்கானதை முதியோர் மறந்திரார். அரசியல் பிரித்ததைப் பாட்டு முன்பே இணைத்திருந்தது என்பதை இளைஞரும் அறிதல் நன்று.

பம்பாய் தந்த மெட்டு

கொடுக்கல் வாங்கல் அத்துடன் நிற்கவில்லை. பம்பாயில் தோன்றிய பார்சி நாடகக் குழுக்கள் தெற்கே பயணம் செய்து நாடகம் ஆடின. அவற்றின் துள்ளலான மெட்டுகளும் ஆர்மோனியமும் தமிழ் நாடக மேடையைக் கவர்ந்தன. ‘பார்சி மெட்டு’ என்னும் குறிப்போடு தமிழ் நாடகப் பாட்டுகள் அச்சேறின.

1931ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் இந்தியாவின் முதற் பேசும்படமாகிய ஆலம் ஆரா பம்பாயில் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளிவந்தது. அதனை எடுத்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்திலேயே, எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி நடிக்க, காளிதாஸ் உருவாகி, அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் திரையிடப்பெற்றது. நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் விடையிறுத்தான். தியாகராசரின் கீர்த்தனையும் நாட்டுப்பற்றுப் பாட்டும் கதைக்குத் தொடர்பின்றியே அதில் இடம் பெற்றன. அவை கதைக்காக அல்ல, கேட்டு மகிழ்வதற்காகவே சேர்க்கப்பெற்றன என்பது தெளிவு. தமிழ்த் திரையில் முதன்முதல் ஒலித்த பாட்டு நாம் வாழும் இந்நகரில் ஒலிப்பதிவானது என்னும் செய்தி மும்பைத் தமிழர் யாவர்க்கும் பெருமை தருவதாகும்.

வானொலியும் ஓர் ஆணையும்

மக்கள் எதனைக் கேட்டு மகிழவேண்டும் என்று அரசே வகுக்க முயன்ற காலமும் ஒன்று உண்டு. 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரையிசை மக்கள் சுவையைக் கெடுக்கின்றது எனக் கருதினார். படத்தயாரிப்பாளரோடு எழுந்த பிணக்கும் சேர, அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு அருகி மறைந்தது. விளைந்தது யாது? மக்கள் இசையை விடவில்லை, நிலையத்தை விட்டனர். வானொலிப் பெட்டியின் முள் இலங்கை நோக்கித் திரும்பிற்று.

அவ்வாண்டு இறுதியில் தொடங்கிய பினாக்கா கீத் மாலா, அமீன் சயானியின் குரலில் பம்பாயில் பதிவாகி, விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து இந்தியா முழுமைக்கும் ஒலித்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் மயில்வாகனனின் குரலுக்குக் கடல் கடந்தும் அன்பர் பலர் இருந்தனர். சிற்றலைக்குத் தொலைவு தடையன்றே. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் இருபத்தொன்பது அகவையில் மறையுமுன் எழுதிய பாட்டுகள், உழைப்பாளிக்குத் தன்மேல் நம்பிக்கை ஊட்டியது இத்திரையிசை வாயிலாகவே அன்றோ? 1957 அக்டோபர் 3ஆம் நாள் அரசே விவித பாரதியைத் தொடங்கித் திரையிசைக்கு மீண்டும் வாயில் திறந்தது. இன்பத்தை ஆணையால் மாற்ற இயலாது என்பதே இதனால் பெறும் பாடம்.

அரங்கில் கண்ட சமரசம்

நிற்க. 1952இலேயே மற்றொரு நற்செயல் நிகழ்ந்தது. ஸ்ரீ சண்முகானந்த நுண்கலை சங்கீத சபை தோன்றி, 1963இல் சயான் மாதுங்கா எல்லையில் பேரரங்கம் ஒன்றை எழுப்பியது. 1990இல் தீயால் அழிந்த அவ்வரங்கம், அன்பர்தம் விடாமுயற்சியால் 1998இல் மீண்டும் எழுந்தது. பாட்டு கேட்கும் இடத்தை இழத்தல் வீட்டை இழத்தலை ஒக்கும் எனக் கருதினார்போலும் நம்மவர்!

அரங்கத்தில் நிகழும் கச்சேரியின் அமைப்பை உற்று நோக்குவோம். இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) என்பர். விறுவிறுப்பான வர்ணத்தில் தொடங்கி, விரிந்த ஆலாபனைக்கும் பல்லவிக்கும் இடம் தந்து, இறுதியில் துக்கடா என்னும் சிறு உருப்படிகளால் அவையை மகிழ்வித்து அனுப்புவது அம்முறை. அத்துக்கடாக்கள் யாவை? காவடிச் சிந்து ஒன்று, அபங்கம் மற்றொன்று, தில்லானா பிறிதொன்று. தாராவித் தொழிலாளியின் சீமைச் சிந்தே மாதுங்கா மேடையில் துக்கடாவாயிற்று! உயர்ந்த இசை, மெல்லிசை என்று நாம் எழுப்பும் சுவருக்கு இருபுறமும் ஒரே பாட்டு ஒலிக்கின்றது. பறையையும் யாழையும் ஒருங்கு வைத்த தொல்காப்பியர் நெறி இதுவே அன்றோ?

பின்வந்த காலமும் இதற்குச் சான்று கூறும். 1976இல் அன்னக்கிளி வாயிலாக இளையராஜா நாட்டுப்புற மெட்டைத் திரையின் நடுவிடத்தில் அமர்த்தினார். அவர் இசையில் 1987இல் வந்த நாயகன் தாராவித் தமிழர் வாழ்வைக் களமாகக் கொண்டது. 2018இல் சந்தோஷ் நாராயணன் இசையமைத்த காலா படத்திலோ, தாராவியில் வளர்ந்த இளைஞர் குழுவே ராப் என்னும் தாளப்பேச்சு வகையில் பாடியது. தாளத்தோடு சொல்லை அடுக்கி அவையைக் கிளர்த்தும் அக்கலை அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்தது. எனினும் சிந்தும் லாவணியும் கேட்டு வளர்ந்த செவிக்கு அது முற்றிலும் புதிதன்று.

நாம் செய்யத்தக்கது

அன்பர்களே! இனிச் சொல்வதே தலையாயது. நம் குழந்தைகளுள் பலர் தமிழ் பேசுவர், படிக்க அறியார். எழுத்து கைநழுவிய இல்லங்களிலும் பாட்டு கைநழுவவில்லை. பொருள் முழுதும் விளங்காத பருவத்திலேயே மெட்டு வழியாகத் தமிழ்ச்சொல் அவர்கள் நாவில் ஏறுகின்றது. மொழி நம்மைவிட்டு நீங்குமாயின் அதன் கடைசிச் சுவடு பாட்டாகவே இருக்கும். மீண்டு வருமாயின் முதற்சுவடும் அதுவே.

மற்றொன்று. தாராவியின் மறுசீரமைப்பு நம் கண்முன் நடைபெறுகின்றது. அடுக்கு மாடிகள் எழலாம், வசதிகள் பெருகலாம். ஆயின் வில்லுப்பாட்டும் கும்மியும் நிகழும் கோயில் முற்றமும் தெருமுனையும் வரைபடத்தில் இடம்பெறுமா? அம்முதிய பாடகர் குரல் அடங்குமுன் அவற்றைக் கேட்டுப் பதிவு செய்வார் யார்? இன்று அதற்குப் பெருஞ்செலவு இல்லை. கைப்பேசியும் ஆர்வமும் போதும். மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நம் பிள்ளைகள் தாராவிக்குச் சென்று ஒரு பாட்டியின் தாலாட்டையோ ஒரு தாத்தாவின் தெம்மாங்கையோ பதிந்து, பெயரும் ஊரும் குறித்துச் சங்கத்தில் சேர்ப்பார்களாயின், அதனினும் சிறந்த ஆண்டு விழா நிகழ்ச்சி வேறில்லை.

கச்சேரியா மெல்லிசையா என்னும் வழக்குக்கும் விடை கிட்டியது. இரண்டும் வேண்டும், மூன்றாவதாகப் பறையும் வேண்டும். சோர்ந்த நெஞ்சை நிமிரச் செய்யும் இசை எத்தெருவில் பிறப்பினும் நம் இசையே.

வாழ்க தமிழ்! வளர்க இசை!